திரும்பி வந்தவை மட்டும்

என் அத்தான் யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்னால் அங்கிருக்கும் ஒரு பொருளையாவது கவிழ்த்துப் பார்த்துவிடுவார். எங்கள் வீட்டில் அது மிக்ஸி. அடியில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளைப் படிப்பார். மோட்டார் பக்கம் மூக்கைக் கொண்டுபோய் முகர்வார். பிறகு ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "அப்புறம், சௌக்கியமா?" என்பார். அந்த ஒன்றும் சொல்லாமைதான் ஆளைக் கொல்லும். அவர் கிளம்பிப் போனதும் நானும் ஒருமுறை அதை முகர்ந்து பார்ப்பேன். அன்று முழுக்க அதில் எதையும் அரைக்க எனக்கு மனம் வராது.

அவர் வேலை பார்த்தது ஒரு பெரிய மின்சாதனக் கடையில். கடையின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பளிச்சென்ற விளக்கு, எந்நேரமும் பாட்டு. அத்தான் இருந்தது பின்பக்கம். சரக்கு வண்டி வந்து நிற்கும் சந்துப் பக்கம் பார்த்த குறுகலான அறை, நீள மேசை, டியூப் லைட், கைப்பிடி வைத்த ஒரு லென்ஸ். வாங்கிய பொருளைத் திருப்பித் தர வருகிறவர்களுக்கான கவுன்ட்டர் அது. சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறவர்கள் முன்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அத்தான் பார்த்ததில்லை. அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் கோபமாக வருவார்கள், பாதிப் பேர் பொய்யும் சொல்வார்கள். "தானா நின்னுடுச்சு, நாங்க தொடவே இல்லை" என்பார்கள். லேப்டாப்பைச் சாய்த்தால் உள்ளிருந்து காபி ஒழுகும்.

அவரைக் கடைக்கு எடுத்தது விற்பனைக்குத்தான். டிப்ளமா முடித்து, வெளிநாட்டு வேலை என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவர். இந்த ஊர் மொழியைப் புத்தகத்தில் படித்தபடியே பேசுவார். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் வாடிக்கையாளர் அடுத்த ஆளிடம் போயிருப்பார். ஒருநாள் மேனேஜர் அவர் தோளில் கை போட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய், "கொஞ்ச நாள் இங்க பாருங்க" என்றாராம். அந்தக் கொஞ்ச நாளில் அத்தானுக்குத் தலை நரைத்துவிட்டது.

சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'ரிட்டர்ன் மாமா' என்பார்கள். அவருக்கும் தெரியும். ஆனாலும் யாராவது புதிதாக எதையாவது வாங்கப் போனால் அவரைக் கேட்காமல் போக மாட்டார்கள். கேட்டவர்கள் யாரும் வாங்கியதும் இல்லை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே மகள். வீட்டில் எதைக் கேட்டாலும் "ம்". கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. பள்ளியில் கம்ப்யூட்டர் கேம் ஆடும் ஐந்து பேர் அணியில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு ஒருநாள் அவளை அழைத்துவரப் பள்ளிக்குப் போனேன். கம்ப்யூட்டர் அறைக் கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே ஒரு குரல்: "இடது பக்கம் யாரும் போகாதீங்க. நான் சொல்ற வரைக்கும் நில்லுங்க. நில்லுங்கன்னு சொன்னேன்ல!" அவள்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு பேரை மேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு பேரும் மறுபேச்சில்லாமல் நின்றார்கள்.

விடுமுறை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளே என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பாவிடம் பேசும்போது துணைக்குத்தான் என்பது போய் உட்கார்ந்ததும் தெரிந்தது.

"அப்பா, அடுத்த ரவுண்டெல்லாம் சாயங்காலம். அவங்கவங்க வீட்லருந்து ஆடணும். லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கறப்ப சொந்த மெஷின் இல்லாதவங்க டீம்ல இருக்க முடியாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. என் இடத்துக்கு ரிசர்வ்ல ஒரு பொண்ணு ரெடியா இருக்கா."

"இருக்கிற லேப்டாப்புக்கு என்ன?"

"கேமைத் திறந்தாலே விசிறி அலறுது. படம் நின்னு நின்னு வருது. நான் செத்துப்போனதே எனக்கு லேட்டாத்தான் தெரியுது."

"வாயைக் கழுவு" என்றாள் அக்கா.

அத்தான் முடியாது என்று சொல்லவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லாரும் அவரைக் கஞ்சன் என்று பேசினார்கள். காசுக்காக அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வாங்கிடலாம்" என்றார். "எதுன்னு பார்த்து வெச்சிருக்கியா?"

அவள் போனை நீட்டினாள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கறுப்புப் பெட்டி. "எல்லாம் பூட்டி ரெடியா வருது. பிளக்கைச் சொருகினா ஆடலாம். உங்க கடையிலதான் வெச்சிருக்காங்க, முன்னாடியே."

அத்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இதா? இதைத்தான் நான் தினமும் தூக்கறேன்."

"கெட்டுப் போயிடுமா?"

"போயிடுமாவா? வெளிய கண்ணாடி, கலர் லைட்டு. உள்ள பவர் சப்ளைன்னு ஒண்ணு, யாரும் எட்டிப் பார்க்காத மூலையில இருக்கும். அங்கதான் கையை வெப்பானுங்க. இருக்கறதுலயே மட்டமானதா பார்த்துச் சொருகிடுவானுங்க."

"இதுல மொத்தம் எத்தனை வித்துச்சுப்பா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை திரும்பி வந்துச்சு?"

"நான் பார்த்த அத்தனையும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தான், என்கிட்ட இருக்கறதும் ரெடிமேட்தான். வாங்கினதுலருந்து ஒரு ஸ்க்ரூ கழட்டினதில்லை" என்றேன்.

"சந்தோஷம் மச்சான்" என்றார் அவர், ரிப்போர்ட் இன்னும் வராத நோயாளியிடம் டாக்டர் பேசுகிற குரலில். "உன்னுது இன்னும் வரலை, அவ்வளவுதான்."

அன்று வீட்டுக்குப் போனதும் என் கம்ப்யூட்டரின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் சாதாரணமாகத்தான் இருந்தது. சாதாரணம் என்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்று நான் கிளம்புவதற்கு முன்பே அத்தான் முடிவு சொல்லிவிட்டார்: ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்வது. மகளுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நானே பூட்டறேம்ப்பா. எப்படிப் பூட்டறதுன்னு வீடியோ எல்லாம் பார்த்து வெச்சிருக்கேன். லீவு முடியறதுக்குள்ள டீமே நம்ம வீட்டு மெஷினைப் பார்த்து வாயைப் பிளக்கப்போகுது." தொடர்ந்து இத்தனை வார்த்தைகள் அவள் அந்த வீட்டில் பேசி நான் கேட்டதில்லை. அத்தானும் சிரித்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு பொழுதும் இருந்தது.

பிறகு ஒவ்வொரு பொருளாகத் தேர்ந்தெடுக்கும் படலம் தொடங்கியது. அவள் ஒரு பெயர் சொல்வாள், அவர் உதட்டைப் பிதுக்குவார். "அந்த மெமரியா? போன மாசம்கூட ஒருத்தன் வந்து கத்திட்டுப் போனான்." "அந்தப் பவர் சப்ளையா? பெட்டியைத் திறந்ததும் கருகின வாடை வரும்." ஒரு கம்பெனியைப் பற்றி மட்டும் அவர் குறை சொல்லவில்லை. விசாரித்ததில், அந்தக் கம்பெனிப் பொருளை அவர்கள் கடையில் விற்பதே இல்லை.

"இவ்வளவு விசாரிச்சு எங்க வீட்ல எனக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தா..." என்று அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"பார்த்திருந்தா?"

"நான் இந்த நாட்டுக்கு வந்திருக்க மாட்டேன்."

எப்படியோ ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கேபினட் என்கிற வெளிக்கூடு, பவர் சப்ளை, பிராசஸர், மெமரி, இவற்றையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு. சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைப் பெட்டிகள். வீட்டில் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பாக்கி, கேம் படத்தைத் திரையில் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான். அதில் அத்தானுக்கு எதுவும் சரிப்படவில்லை. ஒன்றுக்கு விசிறி கெட்டுப்போகும், இன்னொன்று சூடாகும், வேறொன்றைப் பெட்டி ஈரமாக யாரோ கொண்டுவந்தது நினைவிருக்கிறது. விடுமுறை கரைந்துகொண்டிருந்தது.

"இந்தப் பிராசஸருக்குக் கார்டு இல்லாமலே திரையில படம் வரும்பா" என்றாள் மகள். "இருக்கறதைப் பூட்டிப் போட்டுப் பார்த்துடலாம். எது வேலை செய்யுது, எது செய்யலைன்னு இப்பவே தெரிஞ்சுடும்."

"பூட்டிட்டா அது யூஸ் பண்ணின பொருள் ஆயிடும் பாப்பா. அப்புறம் திருப்பித் தர முடியாது. பூட்டாம இருக்கற வரைக்கும்தான் நமக்குப் பலம்."

"திருப்பித் தர்றதுக்காப்பா வாங்கினோம்?"

ஏதோ சின்னப்பிள்ளைத்தனமாகப் பேசுகிறாள் என்பது போல் அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

பூட்டத்தான் விடவில்லையே தவிர, பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தில், மயிரிழை மாதிரி ஆயிரக்கணக்கான ஊசிகள் நெருக்கமாக நிற்கும். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. ஓர் ஊசி சாய்ந்தாலும் போர்டு உயிரோடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கவுன்ட்டருக்கு வரும் மதர்போர்டுகளில் முக்கால்வாசி அப்படி ஊசி வளைந்தவை. 'வாடிக்கையாளர் செய்த சேதம்' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பது அவருக்குப் பழகிப்போன வேலை. அதனால் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கைகழுவி, மூடியைக் கழற்றி, கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்து வரிசை வரிசையாக ஊசிகளைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மூடிவிடுவார். அடுத்த நாள் மறுபடி.

"தினமும் இப்படித் திறந்து பார்த்தா அதுக்கே கூச்சமா இருக்காது?" என்றாள் அக்கா.

அது நடந்தபோது நான் அங்கே இல்லை. மகள் எதிரே உட்கார்ந்து லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாளாம். லென்ஸ் அவர் விரலிலிருந்து நழுவி ஊசிகளின் மேல் விழுந்தது. சத்தமே வரவில்லை. அவர் அதை மெல்லத் தூக்கி எடுத்தார், குனிந்து பார்த்தார், நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு மூடியை மாட்டி, போர்டை உறையில் போட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினார். நிமிர்ந்தபோது இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. "எழுது" என்றார்.

பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அவருக்கு வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில் எனக்குப் போன் வந்தது. "மச்சான், வண்டி எடுத்துட்டு வர்றியா? கடை வரைக்கும் போகணும். போர்டுல ஒரு சின்னப் பிரச்சினை." மகளும் வந்தாள். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வழி நெடுகப் பேசாமல் வந்தாள். அது அவள் வழக்கம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தான் தன் கவுன்ட்டரின் இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தது அன்றுதான். வரிசையில் நின்றார். எங்களுக்கு முன்னால் ஒருவர் ஹேர் டிரையரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது, அத்தானோடு பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் அம்மாள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அத்தான்தான். அவர் கற்றுக்கொடுத்த முதல் பாடத்தை எங்கள் எல்லாரிடமும் பலமுறை சொல்லியிருக்கிறார்: பொருளை அப்புறம் பார், முதலில் ஆளைப் பார், பொய் சொல்கிறவன் நீ கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வான்.

"என்ன சார், லீவு நாள்ல?" என்றாள் அந்த அம்மாள்.

"பெட்டியைப் பிரிக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்றார் அத்தான். "நான் தொடவே இல்லை. மூடிகூட நல்லா மாட்டியிருந்துச்சு."

அவள் இன்னும் பெட்டியையே கையில் வாங்கவில்லை. அத்தானின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியை வாங்கி, மூடியைக் கழற்றி, விளக்குக்குக் கீழே பிடித்தாள். வளைந்த இடம் எனக்கே தெரிந்தது. வயலில் மாடு படுத்து எழுந்த மாதிரி ஒரு மூலை அப்படியே சாய்ந்துகிடந்தது.

"சார்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "என்னன்னு எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

"கம்பெனிக் கோளாறு. வேற என்ன? நான் பொய்யா சொல்றேன்? கூடவே இருந்தா இவ. பாப்பா, நீ சொல்லு. பிரிக்கறப்பவே வளைஞ்சுதானே இருந்துச்சு?"

எனக்கு அப்போதும் முழு விஷயம் தெரியாது. மகள் அந்த ஊசிகளைப் பார்த்தாள், பிறகு அத்தானின் கையைப் பார்த்தாள். அந்தக் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"ஆமா" என்றாள். "பிரிக்கறப்பவே."

அந்த அம்மாள் எழுதினாள். பேனாவை மூடிவிட்டு, "கம்பெனிக்கு அனுப்பணும் சார். ஊசி வளைஞ்ச கேஸை நாமளே மாத்திக் கொடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேனேஜர்கிட்ட சண்டை போட்டு ரூல் கொண்டுவந்தீங்க. ஆளாளுக்கு ஏமாத்தறாங்கன்னு. பதில் வர மூணு வாரமாவது ஆகும்" என்றாள்.

"தெரியும்" என்றார் அத்தான்.

மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "அப்பா, அதே போர்டு முன்னாடி ஷெல்ஃப்ல இருக்கு. வரும்போது பார்த்தேன். இன்னொண்ணு வாங்கிடலாம்பா. என் சேமிப்பு இருக்கு. இன்னிக்கே பூட்டிடறேன். கார்டு எதுவா இருந்தாலும் பரவாயில்லை."

"வேண்டாம்."

"ஏம்ப்பா?"

"அதே லாட்டா இருக்கும், ஒண்ணா வந்து இறங்கின சரக்கு. அதுலயும் ஊசி வளைஞ்சுதான் வரும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தேடுகிற மாதிரி. அத்தானின் முகத்தில் விளையாட்டு இல்லை, கள்ளம்கூட இல்லை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது என்ன முகமோ அதே முகம். அவள் சட்டைக் கையை விட்டாள்.

திரும்பி வரும்போது முன்சீட்டில் உட்கார்ந்து அவர் இந்தக் காலத்துக் கம்பெனிகளின் லட்சணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டிலிருந்து "ம்" கூட வரவில்லை. லென்ஸ் விழுந்த கதையை அவள் என்னிடம் சொன்னது அதற்கெல்லாம் ரொம்பக் காலம் கழித்து, அதுவும் நான் கேட்டதால்.

பள்ளி திறந்த அன்று அவள் இடத்தில் ரிசர்வ் பெண் உட்கார்ந்தாள். டீச்சர் நல்ல மாதிரி. வேண்டுமானால் ரிசர்வில் இரு என்றாராம். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். ஹெட்போனை ஒரு பையில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள். அணி அந்த வருஷம் எதையும் ஜெயிக்கவில்லை. நம்மைச் சேர்ந்தவர்கள் அதையும் ஒரு ஆறுதலாகச் சொன்னார்கள். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஊசிகள் கையாளும்போது சேதமடைந்திருக்கின்றன, மாற்றித் தர இயலாது. அத்தான் எனக்குப் போன் போட்டு வரிவரியாகப் படித்துக் காட்டினார். "பார்த்தியா மச்சான், வாய் கூசாம எப்படிப் பொய் சொல்றானுங்க!"

"ஆமா அத்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மகள் பள்ளி விட்டதும் சாயங்காலங்களில் ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கப் போனாள். சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அதே கறுப்புப் பெட்டியை, கண்ணாடி போட்டதை, முன்வாசல் வழியாகப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். ஊழியர் குடும்பத்துக்கான சலுகையை அவள் கேட்கவில்லை. தன் அறையில் வைத்து பிளக்கைச் சொருகினாள். வேலை செய்தது. அடுத்த நாளும் செய்தது. அவளுக்கு அணி என்று எதுவும் அப்போது இல்லை. தனியாகத்தான் ஆடினாள், பேச வேண்டிய தேவை இல்லாத ஆட்டங்களாகப் பார்த்து.

அத்தான் அந்த அறை வாசலில் வந்து நிற்பார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "விசிறி சத்தம் மாறியிருக்கே?"

"இல்லை."

"ஏதாவது வாடை வருதா?"

"அப்பா, இது கெட்டுப்போகணும்னு காத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"சேச்சே! என்ன பேச்சு பேசறே" என்று நகர்ந்துவிடுவார். வாரம் திரும்பினால் மறுபடி வாசலில் நிற்பார்.

அவள் மேல்படிப்புக்கு வேறு ஊர் போனபோது நான்தான் வண்டியில் சாமான் ஏற்றினேன். அந்தக் கம்ப்யூட்டர் வந்த அட்டைப் பெட்டியை அத்தான் தன் கட்டிலுக்குப் பின்னால் வைத்திருந்தார்; தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை, ஒயர் கட்டிய சின்னக் கம்பி வரைக்கும் பத்திரமாக. பெட்டி இல்லாமல் எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? "இதுல வெச்சு எடுத்துட்டுப் போ பாப்பா, அடிபடாது" என்றார். அவள் கேட்காத மாதிரி, இரண்டு போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டாள்.

உள்ளே எதையும் பூட்டாத அந்த வெறும் கம்ப்யூட்டர் கேபினட் இப்போதும் அவர்கள் கூடத்தில் நிற்கிறது. அக்கா அதன் மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்குகிறாள். அத்தான் போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிடமிருந்து போன் வரும். நானும் சில நாள் அங்கே இருந்திருக்கிறேன். முதலில் எடுப்பது அவர்தான்.

"மெஷின் எப்படி இருக்கு பாப்பா?"

"நல்லா ஓடுதுப்பா."

அதற்குமேல் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. போனை அக்காவிடம் கொடுத்துவிடுவார்.